அடம்பிடிக்கும் தங்கம்: சல்ஃபைடு தாதுக்களிலிருந்து பொன் பிரிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் தங்கம் பிரிக்கும் கதை நாலு வரியில் முடிந்துவிடும். தாதுவைப் பொடியாக்கு, சயனைடு கரைசலில் காற்றைச் செலுத்திக் கரை, துத்தநாகம் போட்டு வீழ்படிவாக்கு, உருக்கு. அந்த நாலு வரியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் சல்ஃபைடு தாதுக்களில் பல அதற்கு மசியாது. அவற்றைப் பற்றி மாணவர்களும், பழைய சுரங்க ஊர்க்காரர்களும், கையில் மின்னும் கல்லோடு வருபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையைச் சொல்லும்போதும் கந்தகமும் ஆர்சனிக்கும் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் கூடவே சொல்கிறேன். இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று நம்புகிறேன்.

அடம்பிடிக்கும் தாது என்று எதைச் சொல்கிறார்கள்?

நன்றாக அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஒன்றிரண்டு நாள் கலக்கிக்கொண்டே இருந்தால், எளிய தாதுவிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் தங்கம் கரைசலுக்கு வந்துவிடும். 80 சதவீதம்கூட வராத தாதுவை அடம்பிடிக்கும் தாது என்று தொழிலில் ஒதுக்குவார்கள். பாதிகூட வராத தாதுக்களும் உண்டு.

நம் கணக்கில் சொன்னால் இதன் கனம் புரியும். டன்னுக்கு 2 கிராம் தங்கம் இருக்கிற தாதுவில் ஒரு சவரன், அதாவது 8 கிராம் எடுக்க 4 டன் பாறை வேண்டும், அதுவும் கடைசித் துளிவரை எடுக்க முடிந்தால். பாதிதான் கரைகிறது என்றால் அதே சவரனுக்கு 8 டன் பாறையை வெட்டி, மேலேற்றி, அரைத்தாக வேண்டும். செலவில் பெரும்பகுதி வெட்டுவதிலும் அரைப்பதிலும் முன்பே போய்விட்டிருக்கும். மிச்சப் பாதித் தங்கம் கழிவோடு கழிவாகக் குட்டைக்குப் போகும்.

பைரைட் என்பது ஏமாற்றுப் பொன்தானே? அதற்குள் நிஜத் தங்கம் எப்படி வந்தது?

பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பித்தளை நிறத்தில் பளபளத்து எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. ஆனால் தங்கத்தைச் சுமந்து வந்த அதே வெந்நீர் ஊற்றுகள்தான், பூமிக்கடியில் பாறை வெடிப்புகளின் வழியே ஏறியபோது, இரும்பையும் கந்தகத்தையும் ஆர்சனிக்கையும் சுமந்து வந்தன. தங்கம் அந்த நீரில் கரைந்திருந்ததே கந்தகத்தின் துணையால்தான். கந்தகம் இரும்போடு சேர்ந்து பைரைட்டாகப் படியும்போது தங்கத்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அதுவும் அங்கேயே, வளர்ந்துகொண்டிருக்கும் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

பைரைட்டில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்சனிக் அங்கங்கே புகுந்துவிட்டால் படிகக் கட்டமைப்பு கொஞ்சம் தளர்ந்து, தங்க அணுக்களுக்கும் இடம் கொடுத்துவிடும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் என்ற ஊர்ப்பக்கம் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்ட தங்கம் இப்படிப்பட்டதுதான். அதற்கு முன்னும் அந்த மலைகளில் பொன் தேடி அலைந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததெல்லாம் சலிக்கும் தட்டு. தட்டில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற துகளே அங்கே கிடையாது. ஆய்வகத்தில் உருக்கிப் பார்த்த பிறகுதான் பாறைக்குள் தங்கம் இருப்பது தெரிந்தது. உலகின் மிகப் பெரிய தங்க வட்டாரங்களில் ஒன்று இன்று அதுதான். வெறுங்கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ அகப்படாத இதற்கு ‘கண்ணில் படாத தங்கம்’ என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

பைரைட்டைவிட ஆர்சனோபைரைட்டில் தங்கம் இன்னும் தாராளமாக ஒளிந்திருக்கும். பெயரிலேயே தெரிகிறது, இது இரும்பு, ஆர்சனிக், கந்தகம் மூன்றும் சேர்ந்தது. தொல்லைகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இன்னும் நைசாக அரைத்தால் வெளியே வந்துவிடாதா?

ஓரளவுக்கு வரும். வழக்கமான ஆலையில் தாதுவைத் தலைமுடியின் தடிமன் அளவுக்கு, ஏறக்குறைய 75 மைக்ரானுக்கு அரைப்பார்கள். தனி அரைவை இயந்திரங்களில் 10 மைக்ரானுக்கும் கொண்டுபோகலாம். தங்கம் ஒன்றிரண்டு மைக்ரான் துகளாக இருந்தால் இந்த அரைவையில் ஒரு ஓரமாவது வெளியே எட்டிப் பார்க்கும், சயனைடு அதைப் பிடித்துக்கொள்ளும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில், ஊருக்கு வெளியே கிட்ஜி என்ற இடத்தில் 1989 முதல் எரிந்த வறுப்பு உலைகளை 2015-இல் மூட முடிந்தது இப்படிப்பட்ட மிக நுண்ணிய அரைவையால்தான்.

ஆனால் தங்கம் படிகத்துக்குள் தனித்தனி அணுவாகக் கலந்திருந்தால் அரைத்து முடியாது. சர்க்கரையைப் பாகில் கரைத்துவிட்டுப் பாகை அரைத்துச் சர்க்கரையைப் பிரிக்கப் பார்ப்பது போன்றது அது. படிகத்தையே உடைக்க வேண்டும், அதாவது அந்தக் கனிமத்தையே வேதியியல் முறையில் அழிக்க வேண்டும். ஆக்சிஜனைக் கொண்டு கந்தகத்தைப் பிரித்தெடுத்து, இரும்பைத் துருவாக்கிவிட்டால் தங்கம் தனித்து நிற்கும். கீழே வரும் வறுத்தல், அழுத்தக்கலன், பாக்டீரியா மூன்றும் இந்த ஒரே வேலையைத்தான் மூன்று விதமாகச் செய்கின்றன.

என் தாது அடம்பிடிக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மொத்தத் தங்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு இன்றும் நம்பகமானது பழைய நெருப்புச் சோதனைதான். பொடியைக் காரீய ஆக்சைடோடும் இளக்கிகளோடும் உருக்கினால் காரீயம் உருகி இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் அள்ளிக்கொண்டு அடியில் தங்கும். பிறகு எலும்புச் சாம்பல் அல்லது மக்னீசியாவில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் காரீயம் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டு, பொன்னும் வெள்ளியும் ஒரு மணியாக எஞ்சும். பொற்கொல்லர் புடம் போடுவதும் இதே குடும்பத்து வித்தைதான்.

அடுத்து அதே தாதுவின் இன்னொரு பங்கைச் சயனைடில் கலக்கி, எவ்வளவு கரைந்தது என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், மீதத் தங்கம் எதற்குள் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். ஒரு அமிலத்தால் ஒரு கனிமத்தைக் கரைப்பது, மீண்டும் சயனைடு, அடுத்து இன்னும் வலிய அமிலம், மீண்டும் சயனைடு என்று போகும் அந்தச் சோதனை. நைட்ரிக் அமிலம் பைரைட்டை அழித்த பிறகு தங்கம் திடீரென்று கரைந்தால் குற்றவாளி பைரைட் என்று தெரியும். கடைசியில் எரித்த பிறகுதான் வருகிறதென்றால் கரிமப் பொருள் பிடித்துவைத்திருந்தது என்று பொருள். இந்தச் சோதனையில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஒரு சுரங்கத்தின் மேல்பகுதித் தாது எளிதாகக் கரையும், ஏனென்றால் மழையும் காற்றும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே சல்ஃபைடைத் துருவாக்கி வைத்திருக்கும். ஆழம் போகப்போகப் பச்சைச் சல்ஃபைடு வரும். மேல்தாதுவை மட்டும் சோதித்துவிட்டு ஆலை கட்டினால் சில ஆண்டுகளில் கைவிரிக்க வேண்டியதுதான்.

வறுத்துவிட்டால் போயிற்று, அதுதானே பழைய முறை? அதில் என்ன தப்பு?

வறுத்தல் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். முதலில் நுரை மிதப்பு முறையில் சல்ஃபைடுகளை மட்டும் திரட்டி அடர்ப்பிப்பார்கள். அதை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை காற்றில் சூடாக்கினால், கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவாகப் பறந்துவிடும், இரும்பு செந்நிற ஆக்சைடாகத் துளைத்துளையாக நிற்கும். அந்தத் துளைகளின் வழியே சயனைடு உள்ளே போய்த் தங்கத்தைப் பிடித்துவிடும். வெப்பம் கூடிப்போனால் இரும்பு ஆக்சைடு இளகித் துளைகள் மூடிக்கொள்ளும், தங்கம் மீண்டும் சிறைப்பட்டுவிடும். அதனால் உலைக்காரரின் கைப்பக்குவத்துக்கு இதில் பெரிய இடம் உண்டு.

தப்பு புகைபோக்கியில் இருக்கிறது. ஆர்சனோபைரைட்டை வறுத்தால் ஆர்சனிக்கில் பெரும்பகுதி ஆர்சனிக் டிரை ஆக்சைடாக ஆவியாகிப் பின்னர் வெண்பொடியாகப் படியும். மணமில்லை, தண்ணீரில் கரையும். ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு போதும், ஒரு மனித உயிரை எடுக்க.

இதைப் பேசும்போதெல்லாம் எனக்குக் கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் சுரங்கம் நினைவுக்கு வந்துவிடும். 1948 முதல் 2004 வரை நடந்தது. அங்கே கிடைத்தது ஆர்சனோபைரைட்டுக்குள் பூட்டிய தங்கம். எடுத்த பொன் 70 லட்சம் அவுன்சுக்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் வறுப்பு உலையின் புகை வடிகட்டப்படாமலே வெளியே போனது, நாளொன்றுக்குப் பல டன் ஆர்சனிக் பனியின் மேல் படிந்தது. அந்த ஏரிக்கரையில் தலைமுறைகளாக வாழும் யெல்லோநைவ்ஸ் டெனே மக்கள் குளிர்காலத்தில் பனியை உருக்கித்தான் குடித்தார்கள். 1951-இல் அப்படி உருக்கிய நீரைக் குடித்த ஒரு சிறு குழந்தை ஆர்சனிக் நஞ்சேறி இறந்தது. அதே ஆண்டில்தான் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் மின்னழுத்தக் கருவி வந்தது.

பிடித்த தூசியை என்ன செய்வது? வெட்டி முடித்த சுரங்க அறைகளுக்குள்ளேயே ஊதிச் சேர்த்தார்கள். நிரந்தர உறைபனி அதைப் பூட்டி வைக்கும் என்பது கணக்கு. சுரங்கம் தோண்டத் தோண்ட அந்த உறைபனியே இளகியது. வறுப்பு நின்றபோது நிலத்தடியில் சேர்ந்திருந்தது 2,37,000 டன் ஆர்சனிக் டிரை ஆக்சைடு. பக்கத்தில் கிரேட் ஸ்லேவ் ஏரி. இப்போது அந்த அறைகளைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, குளிர்காலக் குளிரைக் கீழே கடத்தி, தூசியை உறையவைத்துக் காப்பாற்றும் திட்டம் நடக்கிறது. கனடா அரசு 2022-இல் சொன்ன செலவு மதிப்பீடு 400 கோடி கனடா டாலருக்கும் மேல். அந்தச் சுரங்கத்தை நடத்தியவர்கள் யாரும் இன்று அந்தச் செலவைச் சுமக்கவில்லை, வரி கட்டும் மக்கள் சுமக்கிறார்கள். பனி உருக்கிக் குடித்தவர்களின் பிள்ளைகளும் அவர்களுக்குள் அடக்கம்.

இதற்காக வறுத்தலையே ஒதுக்கிவிட முடியாது. ஆர்சனிக் குறைவாகவும் கரிமப் பொருள் அதிகமாகவும் உள்ள தாதுவுக்கு அதுதான் சரியான வழி. நெவாடாவில் தூய ஆக்சிஜனில் வறுக்கும் உலைகள் இன்றும் ஓடுகின்றன. புகையிலிருந்து பாதரசத்தைத் தனியே பிடித்து, சல்ஃபர் டை ஆக்சைடையும் கழுவி எடுத்துவிட்டுத்தான் வெளியே விடுகிறார்கள்.

ஆட்டோகிளேவ் என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன அழுத்தக்கலன்தான். வீட்டுக் குக்கரின் பிரம்மாண்டமான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைவாட்டில் கிடக்கும் பெரிய உருளை. உள்ளே காரீயப் படலமும் அமிலம் தின்னாத செங்கல்லும் அடுக்கியிருப்பார்கள். தாதுக் குழம்பை உள்ளே விட்டு, 200 முதல் 225 டிகிரி வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு அழுத்தத்தில், தூய ஆக்சிஜனைச் செலுத்திக் கலக்குவார்கள். ஒரு மணி நேரம் போதும். பைரைட் எரிந்து தீர்ந்துவிடும், நெருப்பே இல்லாமல், தண்ணீருக்குள்ளேயே. கந்தகம் போதுமான அளவு இருந்தால் வினையின் வெப்பமே குழம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து சூடேற்றத் தேவையில்லை.

இவ்வளவு சூடு எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 120 டிகிரியைத் தாண்டியதும் கந்தகம் உருகிவிடும். இன்னும் எரிந்து முடியாத அந்த உருகிய கந்தகம் தாதுத் துகள்களின் மேல் பூசிக்கொள்ளும், ஆக்சிஜன் உள்ளே போகாது. பின்னால் வரும் சயனைடையும் அது தின்றுவிடும். 180-க்கு மேலே போனால்தான் கந்தகம் முழுவதும் சல்ஃபேட்டாக மாறுகிறது.

ஒரு டன் பைரைட் இப்படி முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய 1.6 டன் கந்தக அமிலம் உண்டாகும். ஒரு கிலோ கந்தகத்துக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் ஆலையையும், அமிலத்தை அடக்க ஒரு சுண்ணாம்புக்கல் மலையையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் மிகையில்லை.

தங்கத்துக்காக இந்த முறையை அமில நிலையில் முதலில் பெரிய அளவில் நடத்தியது கலிஃபோர்னியாவின் மெக்லாக்லின் சுரங்கம், 1985-இல். பிறகு நெவாடாவின் கோல்ட்ஸ்ட்ரைக், பப்புவா நியூ கினியின் போர்கெரா, லிஹிர், டொமினிக்கன் குடியரசின் புவேப்லோ வியேஹோ என்று பரவியது.

ஆர்சனிக் விஷயத்தில் எனக்கு இந்த முறையின் மேல் மதிப்பு அதிகம். அது புகையாகப் போவதே இல்லை. இரும்போடு சேர்ந்து, ஸ்கோரோடைட் என்ற இயற்கைக் கனிமத்தை ஒத்த, எளிதில் கரையாத திண்மமாகக் கலனுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. குறை, வெள்ளி. தாதுவில் வெள்ளியும் இருந்தால் அது ஜாரோசைட் என்ற மஞ்சள் சேர்மத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதை மீட்கச் சுண்ணாம்பில் கொதிக்கவைக்கும் இன்னொரு படி தேவைப்படும்.

பாக்டீரியா தங்கம் எடுக்கிறதாமே?

தங்கத்தைப் பாக்டீரியா தொடுவதுகூட இல்லை. அதற்கு வேண்டியது இரும்பும் கந்தகமும். நமக்குச் சோறு எப்படியோ, அசிடிதியோபேசிலஸ், லெப்டோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர்களுக்குச் சல்ஃபைடு அப்படி. இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதில் வரும் ஆற்றலில் அவை வாழ்கின்றன. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடிந்த அமிலச் செந்நீரில் 1947-இல் இவற்றில் ஒன்றை முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். சுரங்கங்களைப் பாழாக்கும் அமில நீரை உண்டாக்கும் அதே உயிரை ஆலைத் தொட்டிக்குள் வேலைக்கு வைத்ததுதான் இந்த முறை. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் அருகே ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986-இல் சிறு ஆலையாகத் தொடங்கியது. கானாவின் ஒபுவாசியில் 1994-இல் மிகப் பெரிய அளவுக்கு வளர்ந்தது. அந்த ஊர் அதற்கு முன்னால் வறுப்பு உலையின் ஆர்சனிக் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த ஊர். ரஷ்யாவின் சைபீரியக் குளிரிலும் ஒலிம்பியாடா சுரங்கத்தில் இதே வேலை நடக்கிறது, ஏனென்றால் தொட்டிக்குள் வினை நடக்கும்போது சூடு தானாக எழும். அதைத் தணிக்கத்தான் குளிர்நீர் ஓட வேண்டும்.

வெப்பம் 40 முதல் 45 டிகிரிக்குள், அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையாக, இடைவிடாமல் காற்று, கொஞ்சம் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், அதாவது வயலுக்குப் போடும் உரம். இவ்வளவும் கொடுத்தால் நாலைந்து நாளில் வேலை முடியும். ஆட்டோகிளேவில் ஒரு மணி நேரத்தில் முடிவதற்கு இங்கே நாலைந்து நாள். ஆனால் அழுத்தக் கலனும் ஆக்சிஜன் ஆலையும் வேண்டாம். பெரிய பொறியியல் வசதி இல்லாத நாடுகளுக்கு இது வரம்.

ஒரு எச்சரிக்கை. கால்நடை வளர்ப்பவர் கவனம் இதற்கு வேண்டும். பின்னால் உள்ள சயனைடு பகுதியின் நீரைச் சிக்கனம் கருதித் திருப்பி இந்தத் தொட்டிக்குள் விட்டால் அதிலுள்ள சயனைடும் தயோசயனேட்டும் மொத்தக் கூட்டத்தையும் கொன்றுவிடும். நீண்ட மின்வெட்டில் காற்று நின்றாலும் அதே கதிதான். மீண்டும் வளர்த்து எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஆர்சனிக்கைப் பொறுத்தவரை, கரைசலில் அது நிறையவே இருக்கும். சுண்ணாம்புக்கல் சேர்த்து நடுநிலையாக்கும்போது இரும்போடு சேர்ந்து படியும். இரும்பு ஆர்சனிக்கைப் போல் மூன்று மடங்குக்கு மேல், அணு எண்ணிக்கையில், இருந்தால்தான் அந்தப் படிவு நிலையாக நிற்கும். குறைவாக இருந்தால் பைரைட்டையோ இரும்பு உப்பையோ கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்காமல் எந்த ஆலைக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது.

தங்கம் கரைந்த பிறகும் காணாமல் போகிறது என்கிறார்கள். எப்படி?

கரிதான் திருடன். சில தாதுக்களில் இயற்கையான கரிமப் பொருள் கலந்திருக்கும். தங்கம் சயனைடில் கரைந்த மறுகணமே அது அப்படியே உறிஞ்சிக்கொண்டுவிடும். கரைசலைச் சோதித்தால் தங்கம் இல்லை, கழிவைச் சோதித்தால் இருக்கிறது.

இதே குணத்தைத்தான் ஆலைகள் தமக்குச் சாதகமாகவும் பயன்படுத்துகின்றன. கரைந்த தங்கத்தைத் திரட்ட இன்று உலகெங்கும் கையாள்வது கிளர்வூட்டிய கரியைத்தான். அதில் சிறந்தது கொட்டாங்கச்சிக் கரி. கடினமாக இருப்பதால் கலக்கும்போது பொடியாகாது. கொங்குப் பகுதியிலும் இலங்கையிலும் நம் தேங்காய் ஓட்டில் செய்யும் கரி கடல் கடந்து தங்க ஆலைகளுக்குப் போகிறது. எங்கோ ஒரு பாலைவனச் சுரங்கத்தில் பொன்னைப் பிடித்து நிறுத்துவது நம் தோப்புத் தேங்காய் என்று நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

திருட்டுக் கரி கொஞ்சமாக இருந்தால், சயனைடு சேர்க்கும்போதே நல்ல கரியையும் தொட்டியில் போட்டுப் போட்டிக்கு விடுவார்கள். அதிகமாக இருந்தால் வறுத்து எரிக்க வேண்டும். மூன்றாவது வழி, சயனைடையே மாற்றிவிடுவது. கோல்ட்ஸ்ட்ரைக்கில் 2014 முதல் ஆட்டோகிளேவுக்குப் பிறகு தயோசல்ஃபேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தங்கத் தயோசல்ஃபேட்டைக் கரி உறிஞ்சாது. அதனால் திருட்டு இல்லை. நல்ல கரியும் பிடிக்காது என்பதால் அதைத் திரட்ட ரெசின் மணிகள் தேவை.

டெல்லூரைடு தாதுவும் இந்தக் கூட்டமா?

சல்ஃபைடு இல்லை, ஆனாலும் அடம்பிடிப்பதில் உறவு. தங்கமும் டெல்லூரியமும் சேர்ந்த கனிமம் சயனைடில் மிக மெதுவாகக் கரையும். கால்கூர்லியில் தொடக்கக் காலத்தில் இதை வெற்றுக் கல் என்று நினைத்துப் பாதைப் பள்ளங்களை நிரப்பினார்கள் என்றும், தங்கம் என்று தெரிந்ததும் தெருக்களையே தோண்டினார்கள் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். நைசாக அரைப்பது, சுண்ணாம்பைக் கூட்டிக் காரத்தன்மையை உயர்த்துவது, அல்லது வறுப்பது, இவைதான் மருந்து.

இத்தனை முறைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே பதில் கிடையாது. கந்தகம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு, கரி இருக்கிறதா, சுண்ணாம்புக்கல் பக்கத்தில் கிடைக்குமா, மின்சாரம் நம்பகமானதா என்று பார்க்க வேண்டும். தாது குறைவு, ஆர்சனிக் அதிகம் என்றால் பாக்டீரியா. தாது ஏராளம், பல பத்தாண்டுகளுக்குப் போதும் என்றால் ஆட்டோகிளேவின் முதலீடு தாங்கும். கரி மிகுந்தால் வறுத்தல். நுண்துகளாக இருந்தால் முதலில் அரைவையை முயன்று பாருங்கள். 1990-களில் ஆஸ்திரேலியாவில் உருவான ஆல்பியன் முறை இடைப்பட்டது. மிக நைசாக அரைத்து, சாதாரண அழுத்தத்திலேயே திறந்த தொட்டியில் ஆக்சிஜன் செலுத்துவது. ஆர்மீனியாவில் தங்கத்துக்காக இயங்குகிறது.

கோலார் தங்கவயலில் இந்தத் தொல்லை இருந்ததா?

பெரும்பாலும் இல்லை, அது நம்மவர்களின் அதிர்ஷ்டம். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்பகுதிகளிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் 3 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் வெட்டிய சாம்பியன் ரீஃப் போன்ற வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புகளில் தங்கம் பெரும்பாலும் தனித் துகளாகவே இருந்தது. அரைத்து, பாதரசத்திலும் சயனைடிலும் எளிதாக எடுத்தார்கள். மேற்குப் பக்கத்து நரம்புகளில் சல்ஃபைடு கலந்த தாது உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது முக்கியக் காரணம் தாது அடம்பிடித்தது இல்லை. டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த தாது, கடைசியில் சில கிராமாக இளைத்துவிட்டது.

அங்கே உள்ள சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கம் இருக்கிறதாமே, எடுக்கலாமா?

இருக்கிறது. 3 கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண், டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம். அரைவைச் செலவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கணக்கு ஒத்துவரலாம். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருவதை அனுபவிக்கும் மக்களுக்கு, மேடுகள் ஒழுங்காக மூடப்பட்டால் அதுவே நன்மை. ஆனால் மறுசுத்திகரிப்பு என்றாலே பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ருமேனியாவின் பாயா மாரேயில் 2000 ஜனவரி 30 அன்று உடைந்த குட்டை இப்படிப் பழைய கழிவிலிருந்து தங்கம் எடுத்த ஆலையினுடையதுதான். மழையும் உருகிய பனியும் சேர, ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் திசா ஆற்றில் இறங்கி, ஹங்கேரியில் டன் கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. கோலாரில் என்ன செய்வதாக இருந்தாலும், அந்த மேட்டடியில் குடியிருப்பவர்களிடம் முதலில் பேசிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

சயனைடு இல்லாமல் முடியாதா?

முடியும், ஆனால் அரிது. 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை பெற்ற சயனைடு முறைக்கு முன்னால் குளோரின் வாயுவால் கரைத்தார்கள், அதுவும் நஞ்சுதான். தயோசல்ஃபேட் நல்ல மாற்று என்றாலும் நடத்துவது கடினம். சயனைடை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியும். கரைசலின் பிஎச் 10-க்கு மேல் இருக்கும்வரை அது கரைசலிலேயே நிற்கும். 9-க்குக் கீழே இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாக எழும். சல்ஃபைடு ஆலைகளில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் முந்தைய படியில் இருப்பது அமிலம். நன்றாகக் கழுவாமல், சுண்ணாம்பு போதாமல் சயனைடு சேர்த்தால் அது உயிர்ப்பலி.

என்னிடம் மின்னும் கல் இருக்கிறது. வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா?

வேண்டாம். இணையத்தில் இதற்கான காணொளிகள் நிறைய இருக்கின்றன. அடுப்பில் பைரைட்டை வறுப்பது, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைப்பது என்று காட்டுகிறார்கள். உங்கள் கல்லில் ஆர்சனோபைரைட் இருந்தால் ஆர்சனிக் புகை உங்கள் சமையலறையில் படியும், குழந்தைகள் அதைத் தொட்டுக் கையை வாயில் வைப்பார்கள். சுத்தியலால் தட்டும்போது பூண்டு நாற்றம் வந்தால் அது ஆர்சனிக்கின் அறிகுறி, அந்தக் கல்லைப் பிறகு தட்டவே வேண்டாம்.

ஒரு எளிய சோதனையை மட்டும் செய்துகொள்ளலாம். ஊசி முனையால் மின்னும் இடத்தை அழுத்துங்கள். தங்கம் குழைந்து பள்ளம் விழும், பைரைட் நொறுங்கும் அல்லது ஊசிக்கு அசையாது. மெருகிடாத வெள்ளைப் பீங்கானின் பின்புறத்தில் தேய்த்தால் தங்கம் பொன்னிறக் கோடு போடும், பைரைட் கருப்புக் கோடு. கோடு கருப்பாக வந்தாலும் உள்ளே கண்ணில் படாத தங்கம் இருக்கலாம் என்று மேலே படித்தீர்கள். அதற்கு நெருப்புச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்குக் கல்லை அனுப்புங்கள். அனுப்பும்போது எந்த ஊரில், எந்தப் பாறையில் எடுத்தது என்பதைத் தாளில் எழுதி உடன் வையுங்கள். ஆய்வகத்தில் நெருப்புச் சோதனையோடு ஆர்சனிக் அளவையும் கேட்டு வாங்குங்கள்.